கார் படித்துச் சொல்லும் என்று அனுப்பாதீர்கள்

போன குளிர்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. நான் படிப்புக்காக அபுதாபியில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். அப்பாவும் அம்மாவும் நான் வளர்ந்த அதே ருவைஸ் குடியிருப்பில். வெள்ளி மதியம் வேலை முடிந்ததும் இருவரும் காரில் கிளம்பி என்னைப் பார்க்க வருவார்கள். கிட்டத்தட்ட 240 கிலோமீட்டர். ஒரு பக்கம் கடலும் உப்பு நிலமும், இன்னொரு பக்கம் மணல், நடுவில் சவுதி எல்லைக்குப் போய்வரும் லாரிகள்.

அன்று எனக்குச் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை. "அப்பா, வரும்போது முறுக்கு வாங்கிட்டு வாங்க" என்று தட்டி அனுப்பினேன். நம் எல்லோரையும் போல, ஆங்கில எழுத்தில் தமிழ். பதில் இல்லை. ஒரு கேள்விக்குறி அனுப்பினேன். பிறகு இன்னொன்று. பிறகு மூன்றாவது.

அந்தப் பக்கம் என்ன நடந்தது என்பதை அன்றிரவு அம்மா சொன்னார். என் செய்தியை எங்கள் கார் "வேரம்போத்து மர்க்கூ வேங்கிட்டூ வேங்கா" என்று வாசித்திருக்கிறது. அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்து "கொஸ்டின் மார்க்" என்றது. மறுபடியும் "கொஸ்டின் மார்க்". பிள்ளைக்கு என்னவோ ஏதோ என்று பதறி, முதல் செய்தியைத் திரும்பக் கேட்கத் திரையில் பொத்தானைத் தேடியிருக்கிறார். நிமிர்ந்தபோது முன்னால் போன லாரி வேகம் குறைத்திருந்தது. பிரேக்கை முழுதாக மிதித்ததில் பின் இருக்கையில் இருந்த டின் கீழே விழுந்து திறந்துகொண்டது.

அம்மா அந்த டின்னை என்னிடம் நீட்டினார். உள்ளே எல்லாம் தூள்.

"நீ கேக்குறதுக்கு முன்னாடியே முறுக்கு சுட்டு எடுத்து வச்சிருந்தேன்டி" என்றார்.

அப்பா எதுவும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். நான்தான் வாய் விட்டேன்: "கார்தான் படிச்சுச் சொல்லுமேப்பா, நீங்க ஏன் திரையைப் பாத்தீங்க?"

இந்தப் பதிவு அந்தக் கேள்விக்கு எதிராக எழுதப்பட்டது. கார் படித்துச் சொல்லும் என்பதால், ஓட்டுகிறவருக்குச் செய்தி அனுப்பலாம் என்று நாம் நினைக்கிறோம். அது தவறு. அந்தத் தவறை நிறுத்த வேண்டியவர் முதலில் ஓட்டுகிறவர் அல்ல, அனுப்புகிற நாம்.

முதலில் "கையில் போன் இல்லையே" என்ற சமாதானத்தைப் பார்ப்போம். அமீரகத்தில் ஓட்டும்போது கையில் போன் வைத்திருந்தால் 800 திர்ஹம் அபராதம், 4 கரும்புள்ளி. அபுதாபிச் சாலைகளில் 2021 முதல் கேமராக்களே அதைப் பார்த்துப் பிடிக்கின்றன. நல்ல சட்டம்தான். ஆனால் கேமராவுக்குக் கை தெரியும், கவனம் எங்கே இருக்கிறது என்பது தெரியாது. அதனால் கை காலியாக இருந்தால் பாதுகாப்பு என்று நாமே ஒரு முடிவுக்கு வந்துவிட்டோம்.

ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. கனடாவின் டொராண்டோவில் விபத்தில் சிக்கிய, கைபேசி வைத்திருந்த 699 ஓட்டுநர்களின் அழைப்புப் பதிவுகளை ஆராய்ந்து 1997-ல் ஒரு கட்டுரை வந்தது. பேசும்போது விபத்து அபாயம் நான்கு மடங்கு. கையில் பிடிக்காமல் பேசும் கருவி வைத்திருந்தவர்களுக்கு அதனால் எந்தப் பாதுகாப்பும் கூடுதலாகக் கிடைத்ததாகத் தெரியவில்லை. 2015-ல் அமெரிக்காவின் ஏஏஏ அறக்கட்டளைக்காக யூட்டா பல்கலைக்கழகத்தினர் கார்களில் உள்ள குரல் கட்டளை அமைப்புகளையே சோதித்தார்கள். கட்டளை சொல்லி முடித்த பிறகும் கவனம் உடனே சாலைக்குத் திரும்புவதில்லை. மிக மோசமான அமைப்புகளில் 27 நொடி வரை அந்தச் சிதறல் நீடித்தது.

அப்பா 120-ஐத் தாண்டமாட்டார். அந்த வேகத்தில் கார் 3 நொடிக்கு 100 மீட்டர் ஓடுகிறது. 27 நொடிக்கு 900 மீட்டர். ஒரு "சரிம்மா" சொல்ல 900 மீட்டர்.

இது உலகத்தார் எல்லோருக்கும் பொது. நமக்கு மட்டும் இன்னொரு சிக்கல் கூடுதலாக இருக்கிறது. போனைக் காரோடு இணைக்கும்போது புளூடூத் வழியாகத் தொடர்புப் பட்டியலும் செய்திகளும் காருக்குப் போகின்றன. அந்தப் பெயர்களையும் செய்திகளையும் கார் தனக்குத் தெரிந்த மொழியில்தான் வாசிக்கும். எங்கள் கார் பழையது. தமிழ் எழுத்தில் சேமித்த பெயர்கள் அதன் திரையில் வெறும் கட்டங்களாக வரும். அப்பாவின் பட்டியலில் "பாப்பா" நான், "பெரியக்கா ஊர்" என் அத்தை, "ஏசி மெக்கானிக்" என்று ஒருவர். காரைப் பொறுத்தவரை மூன்று பேருமே கட்டம் கட்டம் கட்டம்தான். கூப்பிடுவது அக்காவா ஏசி மெக்கானிக்கா என்று தெரியாமல் அப்பா எல்லா அழைப்பையும் எடுக்கிறார்.

நாம் அனுப்பும் தங்கிலீஷ் செய்தியின் கதி அதைவிட மோசம். அதை ஆங்கிலமாக நினைத்து வாசிக்கும் காரின் குரல் ஒரு புதிர் போடுகிறது. 120 கிலோமீட்டர் வேகத்தில், 55 வயது மனிதருக்கு, விடுகதை! புரியாதபோது கண் திரைக்குப் போகத்தான் செய்யும். கண்ணைச் சாலையில் வைப்பதற்கென்று செய்த வசதி, நம் மொழியில் கண்ணைத் திரைக்கு இழுக்கிறது. புதிய கார்களிலும் போன்களிலும் தமிழ் கொஞ்சம் தேறியிருக்கலாம். நம் அப்பாக்கள் ஓட்டுவது பெரும்பாலும் பழைய கார்.

"புரியலைன்னா விட்டுட வேண்டியதுதானே, அப்புறம் பாத்துக்கலாமே" என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். வளைகுடாவுக்கு வந்த நம் பெற்றோரால் அது முடியாது. ஊரிலிருந்து வரும் எந்த அழைப்பிலும் ஒரு சாவுச் செய்தி இருக்கலாம் என்ற பயத்தோடு வாழ்ந்தவர்கள் அவர்கள். எங்கள் தாத்தா இறந்த செய்தி அப்பாவுக்கு இப்படி ஒரு போன் மணியாகத்தான் வந்தது. அதன் பிறகு அவர் ஒரு மணியைக் கூடத் தவறவிட்டதில்லை. நேரக் கணக்கும் எதிராக வேலை செய்கிறது. ருவைஸில் மாலை 5 மணி என்றால் ஊரில் 6.30. வேலை முடிந்து இவர் காரை எடுக்கும் நேரமும், விளக்கேற்றிவிட்டு ஆச்சி போனை எடுக்கும் நேரமும் ஒன்று. போதாததற்கு, அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் பேச முடியாது என்பதால் எல்லோரும் குரல் பதிவாக அனுப்பிப் பழகிவிட்டோம். உட்கார்ந்து கேட்க வேண்டிய நாலு நிமிடக் கதைகள், ஓடுகிற காருக்குள் வந்து விழுகின்றன.

மணி அடித்தால் அவர் எடுப்பார். அது அவருடைய பாசம், பயம், பழக்கம் எல்லாம் சேர்ந்தது. அதை நாம் ஒரே நாளில் மாற்ற முடியாது. மணி அடிக்காமல் பார்த்துக்கொள்வது மட்டும் நம்மால் முடியும்.

இங்கே மூன்று எதிர்வாதங்கள் வரும். மூன்றையும் வீட்டிலேயே கேட்டுவிட்டேன்.

ஒன்று: "பக்கத்தில் உட்கார்ந்து அம்மா பேசுவதில்லையா? அதுவும் கவனச்சிதறல்தானே?" அம்மா சாலையைப் பார்த்துக்கொண்டே பேசுகிறார். லாரி குறுக்கே வந்தால் பேச்சை நிறுத்துகிறார், "மெதுவா" என்கிறார். போனில் இருப்பவருக்கு லாரி தெரியாது. யூட்டா ஆய்வாளர்கள் 2008-ல் இதையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கூட வருபவர் சாலை நிலவரத்துக்கேற்பப் பேச்சை மாற்றிக்கொள்கிறார், போனில் பேசுவோருடன் அப்படி நடப்பதில்லை என்றே கண்டார்கள்.

இரண்டு: "நீண்ட நேரான சாலை, தனியாக ஓட்டினால் தூக்கம் வரும், பேசினால் விழிப்பாக இருக்கும்." இதில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தூக்கத்துக்கு மருந்து நம் செய்தி அல்ல. வழியில் பெட்ரோல் பங்குகள் இருக்கின்றன, டீ இருக்கிறது. பத்து நிமிடம் நிறுத்திப் பேசட்டும். அப்போது எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவோம்.

மூன்று: "அவசரம் என்றால்?" உங்கள் கடைசி இருபது செய்திகளைத் திறந்து பாருங்கள். நான் பார்த்தேன். முறுக்கு, ரீசார்ஜ், ஒரு பூனைப் படம், "எங்க இருக்கீங்க", "எங்க இருக்கீங்க", "எங்க இருக்கீங்க". ஓட்டுகிறவருக்கு உண்மையிலேயே சொல்லியாக வேண்டிய அவசரம் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ. அதற்குப் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடலாம்.

அனுப்புகிறவர் மேல் பழி போடுவது அநியாயம் என்று தோன்றினால், ஒரு வழக்கைச் சொல்கிறேன். 2009-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 18 வயது இளைஞன் ஓட்டிக்கொண்டே செய்தி பார்த்துத் தடம் மாறி, எதிரே மோட்டார் சைக்கிளில் வந்த தம்பதி மீது மோதினான். இருவரும் ஆளுக்கு ஒரு காலை இழந்தார்கள். செய்தி அனுப்பியவள் 17 வயதுப் பெண். அவள் மீதும் வழக்கு. 2013-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் போதிய ஆதாரம் இல்லை என்று அவளை விடுவித்தது. ஆனால் ஒரு கோட்டையும் போட்டது: பெறுபவர் ஓட்டிக்கொண்டிருக்கிறார், அனுப்பினால் அப்போதே பார்ப்பார் என்று தெரிந்தும் அல்லது தெரிந்திருக்கக் காரணம் இருந்தும் அனுப்பினால், அனுப்பியவருக்கும் பொறுப்பு உண்டு. அது அந்த மாநிலத்துச் சட்டம், நம்மைக் கட்டாது. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை எனக்குத் தெரிந்திருந்தது. அப்பா ஓட்டுகிறார் என்று தெரியும். மணி அடித்தால் பார்ப்பார் என்றும் தெரியும். தெரிந்தேதான் மூன்று கேள்விக்குறி போட்டேன்.

இது பெற்றோர் விஷயம் மட்டும் என்று நினைக்காதீர்கள். 2025 மார்ச் 29 முதல் அமீரகத்தில் 17 வயதிலேயே உரிமம் வாங்கலாம். இதை வாசிக்கும் உங்களில் பலர் இந்த வருடம் ஓட்டப் போகிறீர்கள். அப்போது உங்கள் காருக்குள் வந்து விழப்போவது உங்கள் அம்மாவின் "எங்கடா இருக்க?". இன்று நாம் அப்பாவுக்குப் பழக்கும் ஒழுங்குதான் நாளை நமக்குக் காவல்.

ஆகவே இந்த வாரம் மூன்று வேலை செய்யுங்கள். ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம்கூட ஆகாது.

அப்பாவின் போனை வாங்கி, புளூடூத் பகுதியில் காரின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் குறியைத் தட்டுங்கள். தொடர்புகளைப் பகிர்வது, செய்திகளைக் காட்டுவது இரண்டும் தனித்தனிப் பொத்தான்கள். செய்தியை அணைத்துவிடுங்கள். பெயர்ப் பட்டியல் இருக்கட்டும். போனின் திரையே காரில் தெரியும் வசதியைப் பயன்படுத்துகிறவர் என்றால், அறிவிப்புகள் பகுதியிலும் ஒருமுறை பார்த்து அணைக்க வேண்டியிருக்கும்.

அடுத்து அந்தப் பெயர்ப் பட்டியல். கார் தமிழ் எழுத்தைக் காட்டாவிட்டால், முக்கியமான ஐந்தாறு பெயர்களையாவது அது காட்டக்கூடிய எழுத்தில் மாற்றி வையுங்கள். யார் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்தால் ஏசி மெக்கானிக்கை அப்பாவால் விட்டுவிட முடியும். ஓட்டும்போது "ஓட்டிக்கொண்டிருக்கிறேன், பிறகு பேசுகிறேன்" என்று தானாகப் பதில் போகும் வசதியும் போனில் இருக்கும். அதையும் போட்டுவிடுங்கள்.

மூன்றாவது, வீட்டுக் குழுவில் ஒரே ஒரு விதி. கிளம்பும் முன் "ஏறியாச்சு". சேர்ந்த பிறகு "இறங்கியாச்சு". இந்த இரண்டுக்கும் நடுவில் யாரும் அவருக்கு எதுவும் அனுப்பக் கூடாது. ஆச்சிக்கும் இந்த விதி உண்டு. எங்கள் ஆச்சி முதல் வாரம் கோபித்துக்கொண்டார். இரண்டாவது வாரம் "உங்கப்பன் ஏறிட்டானா, இறங்கிட்டானா?" என்று என்னைக் கேட்கத் தொடங்கினார். இப்போது கேட்பதெல்லாம் என்னைத்தான்.

இந்த வெள்ளியும் 1.40-க்கு "ஏறியாச்சு" வந்தது. அடுத்த இரண்டரை மணி நேரம் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்தேன். எங்கே வருகிறார்கள் என்று கேட்க இருபது தடவையாவது கை போனது. கேட்கவில்லை. 4.15-க்கு "இறங்கியாச்சு" வந்தது.

கீழே ஓடினேன். அம்மா கையில் டின். முறுக்கு முழுசாக இருந்தது.