மஞ்சள் கடுதாசி கொடுத்தவருக்கு ஹவுசிங் போர்டு வீடு கிடைக்குமா?

திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டில் ஒருவர் சின்னதாகக் கடை வைத்திருந்தார் என்று வைத்துக்கொள்வோம். 2020 ஊரடங்கில் கடை படுத்துவிட்டது. கிரெடிட் கார்டு பாக்கி ஒன்றரை லட்சம். வங்கி 60 ஆயிரம் வாங்கிக்கொண்டு கணக்கை முடித்தது. இப்போது அவருக்கு மாதச் சம்பளம் வருகிறது. வீட்டு வசதி வாரிய வீடும் ஒதுக்கீடாகிவிட்டது. ஆனால், ஹோம் லோன் கேட்டுப் போனால், "சார், சிபில்ல செட்டில்டுனு இருக்கே" என்கிறார் மேனேஜர்.

ஒதுக்கீட்டு ஆணை வேறு, கடன் ஒப்புதல் வேறு. வாரியம் வீடு கொடுத்துவிட்டது என்பதற்காக வங்கி பணம் தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் ஆணையில் போட்டிருக்கும் கெடு மட்டும் யாருக்காகவும் காத்திருக்காது. எனவே, பணம் கட்டி விண்ணப்பிக்கும் முன்பே சிபிலைப் பார்த்துவிடுவது நல்லது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். வங்கியோடு பேசிக் குறைத்துக் கட்டுவது 'செட்டில்மென்ட்'. நம்ம ஊரில் 'ஐ.பி. கொடுத்துட்டார்', 'மஞ்சள் கடுதாசி கொடுத்துட்டார்' என்று சொல்வது வேறு. அது நீதிமன்றத்தில் திவால் மனு போடுவது. இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பயப்படுபவர்கள் நிறைய.

செட்டில்மென்ட் செய்தவருக்கு வழி இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2023 ஜூனில் வெளியிட்ட விதிப்படி, சமரசமாக முடித்த கடன்தாரருக்கு அதே நிறுவனம் மறுபடி கடன் தர வேண்டுமானால் குறைந்தது 12 மாதங்கள் பொறுக்க வேண்டும் (விவசாயக் கடனுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது). 12 மாதம் முடிந்ததும் கொடுத்தே தீரவேண்டும் என்று அர்த்தமில்லை, கொடுக்கலாம் என்றுதான் அர்த்தம். சிபில் போன்ற நிறுவனங்கள் குறைந்தது 7 ஆண்டுகள் உங்கள் வரலாற்றை வைத்திருக்கும். அதற்குள் 'செட்டில்டு' என்பதை 'க்ளோஸ்டு' ஆக மாற்ற ஒரே நேர்மையான வழி, தள்ளுபடியான மீதியைப் பேசிக் கட்டிவிட்டு, 'பாக்கி இல்லை' சான்று வாங்குவது. மேலே சொன்னவருக்கு அது 90 ஆயிரம். வலிக்கும் தொகைதான். ஆனால் 20 வருட ஹோம் லோனில் வட்டி ஒரு சதவீதம் ஏறினால் என்ன ஆகும் என்று போனிலேயே கணக்குப் போட்டுப் பாருங்கள், 90 ஆயிரம் சின்னதாகத் தெரியும்.

கட்டிய பிறகும் பதிவு மாறவில்லையா? புகார் கொடுங்கள். 30 நாளில் சரி செய்யாவிட்டால் அதன் பிறகு நாளுக்கு 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் வருடம் ஒருமுறை முழு அறிக்கை இலவசம். 'சிபிலை கிளீன் பண்ணித் தர்றோம்' என்று வாட்ஸ்அப்பில் வருகிறவர்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். உண்மையான கடனை அழிக்கும் அதிகாரம் அவர்கள் யாருக்கும் கிடையாது.

கையிருப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். 30 லட்சம் வரையிலான கடனில், வீட்டு மதிப்பில் 90 சதவீதம்தான் வங்கி தர முடியும். 25 லட்ச ரூபாய் வீடு என்றால் இரண்டரை லட்சம் உங்களுடையது. முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2 என்று மேலும் 9 சதவீதம், அதாவது இரண்டேகால் லட்சம். பழைய கறை இருந்தால் வங்கி 90 வரை வராது, இன்னும் அதிகம் கேட்கும்.

வாரிய வீட்டை இரண்டாம் கையாக வாங்குகிறீர்களா? விற்பவர் பெயரில் வாரியம் விற்பனைப் பத்திரம் கொடுத்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். தவணை முறையில் எடுத்தவருக்கு முழுத் தொகையும் கட்டிய பிறகே அந்தப் பத்திரம் கிடைக்கும். வெறும் பவர் பத்திரத்தை வைத்து விற்பது உரிமை மாற்றம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. 900 ஸ்கோர் இருந்தாலும் இதற்கு லோன் கிடைக்காது.

இப்போது உண்மையான மஞ்சள் கடுதாசிக்கு வருவோம். சிக்கல் முழுக்க இங்கேதான் இருக்கிறது. கடலூர்க்காரர் திவால் மனு போட்டால் இன்றும் பொருந்துவது 1920-ம் ஆண்டு மாகாணத் திவால் சட்டம். இதில் திவாலானவர் என்று அறிவித்தால் மட்டும் போதாது. கடனிலிருந்து விடுவிக்கச் சொல்லி நீதிமன்றம் குறித்த காலத்துக்குள் நீங்களே தனியாக மனு போட வேண்டும். போடாவிட்டால் அந்த அறிவிப்பே ரத்தாகும், கடன்காரர்கள் திரும்பி வருவார்கள். 'மனு கொடுத்தாச்சு, எல்லாம் முடிஞ்சுது' என்று நினைத்து இதைக் கோட்டை விடுகிறவர்களுக்குத்தான் ஆபத்து.

விடுவிப்பு ஆணை வருவதற்கு முன் வீடு வாங்கினால் அதுவும் கடன்காரர்களுக்காக நீதிமன்றத்தின் கைக்குப் போய்விடும். திவாலானதைச் சொல்லாமல் 50 ரூபாய்க்கு மேல் கடன் வாங்கினாலே ஆறு மாதம் வரை சிறை. ஆம், ஐம்பது ரூபாய்தான். ஒரு பிரியாணிகூட வராத தொகை!

பிரிட்டனில் திவாலானவர் பெரும்பாலும் ஓராண்டில் தானாகவே விடுவிக்கப்படுகிறார். ஆறு ஆண்டுகளில் கடன் பதிவிலிருந்தும் அது மறைகிறது. இங்கிலாந்தில் கவுன்சில் வீட்டில் குடியிருப்பவர் பிறகு அதையே வாங்க லோன் கேட்கலாம். இந்தியாவிலும் தனிநபர்களுக்கான புதிய திவால் விதிகள் 2016 சட்டத்திலேயே எழுதப்பட்டுவிட்டன. 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது நிறுவனங்களுக்குத் தனிப்பட்ட ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும். லாரன்ஸ் ரோடு கடைக்காரருக்கு இன்னும் வரவில்லை. பெரிய நிறுவனங்கள் பாதிக்கு மேல் கடனைத் தள்ளிவிட்டு புது முதலாளியோடு எழுந்து நிற்க ஒரு சட்டம், சாதாரண ஆளுக்கு வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் என்பது நியாயமில்லை. மத்திய அரசு அந்தப் பகுதியை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும்.

வங்கிகள் செய்ய வேண்டியது இதைவிடச் சின்னது. செட்டில்மென்ட் கடிதத்திலேயே, 'இதனால் உங்கள் கடன் பதிவில் இந்த வார்த்தை இத்தனை ஆண்டுகள் இருக்கும்' என்று தமிழில் ஒரு வரி அச்சடித்தால் போதும். இன்று அந்தக் கடிதம் ஆங்கிலத்தில் வருகிறது. கலெக்‌ஷன் ஏஜென்ட், "கட்டிட்டா பிரச்னை முடிஞ்சுது சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார்.