சுத்தம் வேறு, மினுக்கு வேறு

ஒரு கூடை நிறைய உருளைக்கிழங்கு. அவ்வளவுதான் படம். 1885இல் நெதர்லாந்தின் நூனன் கிராமத்தில் இருந்தபோது வின்சென்ட் வான்கோ வரைந்தது. பூ கிடையாது, வெள்ளித் தட்டு கிடையாது. கிழங்கு, கூடை, பின்னால் உள்ள இருட்டு எல்லாமே மண் நிறம்.

அதே ஆண்டு அவர் வரைந்த இன்னொரு படத்தில், ஓர் உழவர் குடும்பம் விளக்கு வெளிச்சத்தில் உருளைக்கிழங்கு சாப்பிடுகிறது. தோல் உரிக்காத, புழுதி படிந்த கிழங்கின் நிறத்தைத்தான் அந்த முகங்களுக்குக் கொடுத்ததாகத் தம்பி தியோவுக்கு எழுதினார். மண்ணைக் கிளறிய கைதான் தட்டுக்கும் நீள்கிறது, அது உழைத்துச் சம்பாதித்த சாப்பாடு என்றும் சொன்னார். பாரிசில் படம் விற்கும் வேலையிலிருந்த தம்பிக்கோ, அண்ணன் படங்கள் ரொம்ப இருட்டு. சந்தை பளிச்சென்று கேட்டது.

இந்தப் பேச்சு நமக்குப் புதுசா? தூத்துக்குடி கரிசலில் குதிரைவாலி விளைவித்து, தீட்டாமல் விற்றுப் பாருங்கள். “என்ன அண்ணாச்சி, அரிசி மங்கலா இருக்கு, பழசா?” என்பார்கள். பழசு இல்லை, தவிடு போகாத அரிசி அப்படித்தான் இருக்கும். வெள்ளை வெளேரென்று தீட்டினால் நார்ச்சத்தும் பி வைட்டமின்களும் தவிட்டோடு போய்விடும்.

முத்துக் குளித்த கரை இது. முத்துக்கு மினுமினுப்பில்தான் விலை, சரி. வயிற்றுக்குப் போகிற தானியத்தையும் அதே கண்ணால் பார்த்தால் எப்படி?

அதற்காக, மண் ஒட்டியிருந்தாலே இயற்கை விளைச்சல் என்று சொல்ல வரவில்லை. மண்ணைப் பூசியும் விற்க ஆள் உண்டு. கல், தூசி நீக்கிக் கொடுப்பது நம் கடமை. சுத்தம் வேறு, மினுக்கு வேறு.

நம் பக்கம் இன்னொரு வேலையும் இருக்கிறது. தவிட்டில் எண்ணெய் இருப்பதால் தீட்டாத அரிசி சீக்கிரம் காறிப்போகும், வண்டும் விழும். ஆகவே உமியோடு சேமித்து, தேவைக்கேற்பக் கொஞ்சம் கொஞ்சமாக உமி நீக்குங்கள். பையில் ‘தீட்டாதது’ என்று பெரிதாக எழுதி, உமி நீக்கிய தேதியையும் போடுங்கள். தயங்குகிறவருக்கு ஒரு வாய் சோறு ஆக்கிக் கொடுங்கள்.

வான்கோ கிழங்குக்கு மெருகு போடவில்லை, கிழங்காகவே மதித்தார். வாங்குகிறவர் அப்படி மதிக்க வேண்டுமென்றால், முதலில் விற்கிற நாம் மதிக்க வேண்டும். மங்கலாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் காரணத்தைச் சொல்லுங்கள், விலையைக் குறைக்காதீர்கள்.