சம்பளமில்லாப் பயிற்சி: எங்கள் நிலைப்பாடு

சம்பளமில்லாத பயிற்சி இடங்களை எங்கள் வேலைவாய்ப்புப் பட்டியலில் இனி சேர்ப்பதில்லை என்று செயற்குழு எடுத்த முடிவையும், அதன்பின் எழுந்த சச்சரவையும் உறுப்பினர்கள் அறிவார்கள். முடிவில் மாற்றமில்லை.

எதிர்ப்புத் தெரிவித்த நிறுவன உறுப்பினர்களின் சிரமங்களைக் குழு கருத்தில் கொண்டது. முதலீடு சுருங்கியிருக்கிறது. தொடக்கநிலை வேலைகளைச் செயற்கை நுண்ணறிவு எடுத்துக்கொள்கிறது. அதன் தாக்கம் மிகுந்த தொழில்களில் 22 முதல் 25 வயதினரின் வேலைவாய்ப்பு ஒப்பீட்டளவில் 13 விழுக்காடு சரிந்ததாக 2025 ஆகஸ்டில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்களும் எழுதினார்கள்.

அதற்காக, அமெரிக்காவுக்குப் படிக்க வந்த பிள்ளைகளின் நெருக்கடியையே முதலாக்கிக்கொள்வதை ஏற்க முடியாது. படிப்பு முடித்து, ஓபிடி எனப்படும் மாணவர் விசாப் பணி அனுமதியில் இருப்பவர் முதலாண்டில் மொத்தம் 90 நாள்தான் வேலையின்றி இருக்கலாம். வாரம் 20 மணி நேரத்துக்குக் குறையாமல் செய்தால், சம்பளமில்லாப் பணியும் அந்த ஆண்டில் வேலையாகக் கணக்கில் சேரும். இந்த விதியைக் காட்டி, சில நிறுவனத்தார் 'நாள் ஓடாமல் பார்த்துக்கொள்கிறோம்' என்று கூப்பிட்டு, வாடிக்கையாளருக்குப் போகும் நிரலை இரவு பகலாக எழுத வைக்கிறார்கள். தொழிலாளர் சட்டத்தை மீறக்கூடாது என்றும் அதே விதி சொல்கிறதே! 2025இல் சான்டா கிளாரா நகரின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 18.20 டாலர். அங்கே எல் கமினோ ரியல் சாலையில் காபி ஆற்றுபவருக்கு அது உண்டு. முதுகலை முடித்த பிள்ளைக்கு ஒரு காசு கிடையாதா? ஊரில் வீட்டை அடமானம் வைத்துப் படிக்க அனுப்பிய பெற்றோருக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது. 'அனுபவம் கிடைக்கிறதே' என்கிறார்கள். நம்மில் பலர் இங்கே வந்தபோது சம்பளம் கொடுத்துத்தான் தொழில் சொல்லிக்கொடுத்தார்கள். தம்பி, தங்கச்சி என்று தமிழில் அழைத்து இதைச் செய்வது எங்களைக் கூசச் செய்கிறது.

அறிவியல், தொழில்நுட்பப் பட்டதாரிகளுக்கு ஓபிடியில் கிடைக்கும் 24 மாத ஸ்டெம் நீட்டிப்பில் சம்பளமும் எழுத்துப்பூர்வப் பயிற்சித் திட்டமும் கட்டாயம். முதலாண்டுக்கும் அதையே அளவுகோலாகக் கொள்கிறோம். லாப நோக்கற்ற அமைப்புகளின் தன்னார்வப் பணி இதில் அடங்காது.



இயன்ற நிறுவனங்கள், தத்தம் சூழலுக்கு உட்பட்டு, ஆண்டுக்கு ஒருவரையேனும் படித்து முடித்த கையோடு சம்பளத்துக்கு அமர்த்துமாறு கேட்டுக்கொள்கிறோம். சொல்லிக்கொடுக்க மூத்தவர்களின் நேரம் செலவாகும் என்பது உண்மைதான். அந்த மூத்தவர்களும் அப்படி உருவானவர்களே.

உழைத்த கூலி வராத மாணவர்கள் கலிஃபோர்னியா தொழிலாளர் ஆணையரிடம் மனு கொடுக்கத் துணை நிற்போம். குடிவரவு நிலை எதுவானாலும் அந்த உரிமை அவர்களுக்கு உண்டு. வேலை வாங்கியவர் எங்கள் உறுப்பினரே ஆனாலும் துணை நிற்போம்.