வேட்டி விழாவுக்கு மட்டுமோ?

பயிற்றப்பட்ட தமிழாசிரியர் ஒருவர், எல்கடுவ

ஒரு சமுதாயம் பெட்டியில் மடித்து வைத்திருப்பதைக் கொண்டு அதன் செல்வத்தை அறியலாம். நாள்தோறும் உடுத்துவதைக் கொண்டு அதன் மனத்தை அறியலாம். நம் ஆடவர் திருமணத்திற்கும் தேர்த்திருவிழாவிற்கும் வாணி விழாவிற்கும் வேட்டி உடுத்துகின்றனர். இம்மலர் வெளியிடப்பெறும் மேடையிலும் வெண்ணிற வேட்டிகள் பல விளங்கும். மறுநாட் காலையில் அவையனைத்தும் அலுமாரிக்குள் அடங்கிவிடும். ஆண்டில் ஐந்தாறு நாள் மட்டும் உடுத்துவதை 'எங்கள் உடை' என்று சொல்லும் உரிமை நமக்கு எவ்வளவு உண்டு? இவ்வினாவைப் பழைய மாணவர், இன்றைய மாணவர், ஆசிரியர் ஆகிய முத்திறத்தார் முன்னும் வைக்க விரும்புகின்றேன்.

வேட்டி என்னும் சொல்லை 'வெட்டு' என்பதன் வழி வந்ததாகக் கொள்வாரும் உளர். வடமொழியினின்று வந்ததாகக் கொள்வாரும் உளர். தறியிலிருந்து துண்டிக்கப்பட்டது துண்டு, அறுக்கப்பட்டது அறுவை என்பன போல இதுவும் அமைந்தது என்பது முதற் கொள்கையினர் கூற்று. எவ்வாறாயினும், தைக்காத துணியை அரையிற் சுற்றி உடுப்பதே நம் முன்னோர் வழக்கு. நட்புக்கு இலக்கணம் கூறப் புகுந்த வள்ளுவரும், நழுவும் உடையைப் பற்ற விரையும் கையையே உவமையாக எடுத்தார். சுற்றி உடுத்த நாட்டிலன்றி அவ்வுவமை பிறந்திராது.

கால்களைத் தனித்தனியே மூடாத உடை ஆண்மைக்கு ஒவ்வாதது என்று இக்காலத்து இளைஞர் சிலர் எண்ணுகின்றனர். உலகை நோக்கின் அவ்வெண்ணம் நில்லாது. பர்மிய ஆடவர் லொங்கியோடு கடைக்கும் அலுவலகத்திற்கும் செல்கின்றனர். பீஜித் தீவில் 'சுலு' என்னும் அரையுடை காவற்படையினரின் சீருடையிலும் இடம்பெற்றுள்ளது. நம் சிங்களச் சகோதரர்க்குச் சாரம் இல்லாத வீடு இல்லை. மேனாட்டாருள்ளும் ஸ்கொத்லாந்து மலைநாட்டு ஆடவர் முழங்காலளவு தொங்கும், பின்புறம் கொசுவம் வைத்த 'கில்ட்' என்னும் கம்பளி உடையை அணிந்தனர். போர்க்களத்தில் அவர்கள் பெற்ற பெயரை அறிந்த எவரும் அதனைப் பெண்மையுடை என்று நகைக்கத் துணியார்.

அந்தக் கில்ட்டின் வரலாறு நமக்கு நல்லதோர் பாடம். 1746ஆம் ஆண்டிலே, குலோடன் போரில் மலைநாட்டார் தோற்றபின், பிரித்தானியப் பாராளுமன்றம் அவ்வுடையைத் தடை செய்தது. ஆடவரோ சிறுவரோ அதனை அணியின் முதற் குற்றத்திற்கு ஆறு மாதச் சிறை. மீண்டும் அணியின் கடல் கடந்த தோட்டங்களுக்கு ஏழாண்டு நாடுகடத்தல். அரசனின் படையிற் சேர்ந்தோர்க்கு மட்டும் விலக்கு இருந்தது. 1782இல் சட்டம் நீக்கப்பட்டது. ஆயினும் 36 ஆண்டுகளில் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. எளிய மலைநாட்டாரிடையே பழைய வழக்கம் அறுந்துவிட்டது. பின்பு 1822இல் நான்காம் ஜோர்ஜ் மன்னர் எடின்பரோ நகருக்கு வந்தபோது, எழுத்தாளர் வால்ற்றர் ஸ்கொட் வகுத்த கோலாகலத்தில் மன்னரே கில்ட் அணிந்து தோன்றினார். உழவனின் உடை அன்று முதல் பெருமக்களின் விழாக்கோலமாயிற்று. இன்றும் அது திருமணத்திலும் விளையாட்டு விழாவிலும் பெருமையோடு அணியப்படுகின்றது. நாளாந்தம் அணிவோர் மிகச் சிலரே.

இம்மலைநாட்டில் வாழும் நமக்கு ஸ்கொத்லாந்து அயலதன்று. 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலர் அந்நாட்டவரே. அவர் நாட்டினர் பலர் துரைமாராய் வந்து தம் ஊர்ப்பெயர்களைத் தோட்டங்களுக்கு இட்டனர். அவர்களின் உடையைச் சட்டம் வழக்கொழித்தது. நம் வேட்டியை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. நாமே நாணி அதனை மடித்து வைத்தோம். தடையால் இழந்தவனுக்குச் சினமேனும் எஞ்சும். நாணத்தால் இழந்தவனுக்கு இழந்தோம் என்ற உணர்வும் எஞ்சுவதில்லை.

நாணம் தானே முளைத்ததன்று, வாயில்கள்தோறும் ஊட்டப்பட்டது. 2014 யூலை மாதத்தில், சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் அவர்கள் நூல் வெளியீடு ஒன்றிற்காகத் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் மன்றத்திற்குச் சென்றபோது, வேட்டி உடுத்திருந்தமையால் உள்ளே விடப்படவில்லை. தமிழரின் தலைநகரிலே, தமிழர் உடையில் வந்த நீதிபதிக்கு இந்நிலை! அடுத்த மாதமே தமிழ்நாட்டுச் சட்டமன்றம், வேட்டி உடுத்தியோரைப் பொது இடங்களில் தடுப்பது குற்றம் எனச் சட்டம் இயற்றிற்று. தடுப்போர்க்கு ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபா வரை தண்டமும் விதிக்க இடமளித்தது. கதவு திறந்தது நன்றே. ஆனால் மன்றத்தின் கதவைச் சட்டம் திறக்கலாம். மனத்தின் கதவை எச்சட்டம் திறக்கும்?

நம் ஈழத்திலும் இதனை எண்ணிப் பார்த்தோர் இருந்தனர். ஐரோப்பியரைக் கண்மூடிப் பின்பற்றும் போக்கை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆனந்த குமாரசுவாமி கண்டித்தார். 1921இல் மதுரையிலே காந்தியடிகள் ஏழை உழவனின் அரையாடையை மேற்கொண்டார். பத்தாண்டின் பின் இலண்டன் அரண்மனைக்கும் அவ்வுடையோடே சென்றார். யாழ்ப்பாணத்து வாலிப காங்கிரசினர் அவர்வழி நின்று, சுதேச உடையைத் தம் இலட்சியங்களுள் ஒன்றாகக் கொண்டனர். அவர்களை வழிநடத்திய ஹண்டி பேரின்பநாயகம் அவர்கள் பின்னாளில் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராய் விளங்கினார்.

இனி, எதிர்வாதங்களை ஒதுக்கிவிட்டுச் செல்வது நேர்மையன்று. வேலைக்கு வேட்டி உதவாது என்பர். இதில் உண்மை உண்டு. சுழலும் இயந்திரத்தருகே தொங்கும் துணி ஆகாது. தேயிலைத் தொழிற்சாலையில் நிற்பவன் காற்சட்டை அணிவதே அறிவுடைமை. எல்கடுவயின் மழைநாளில், அட்டை நிறைந்த சரிவில் ஏறுபவனுக்கும் வெண்வேட்டியை எவரும் பரிந்துரையார். ஆனால் வகுப்பறையிலும் வங்கியிலும் கச்சேரியிலும் அமர்ந்து பணிசெய்வோர்க்கு என்ன தடை? பை இல்லை என்பாரும் அவிழும் என்று அஞ்சுவாரும் உளர். நம் முன்னோர்க்கு மடியே பையாயிற்று. இன்று பை தைத்த வேட்டியும், ஒட்டுப்பட்டை வைத்த வேட்டியும் கடைகளிலே கிடைக்கின்றன.

இவற்றினும் வலியதோர் வாதம் உண்டு. அதற்குத்தான் நாம் மறுமொழி சொல்லக் கடமைப்பட்டவர்கள். "வேட்டி எல்லார்க்கும் ஒரேவிதமாய் வழங்கப்பட்ட உடையா?" என்பது அது. 1930ஆம் ஆண்டின் இறுதியில், இராமநாதபுரம் பகுதியில் ஆதிதிராவிட மக்கள்மேல் ஆதிக்கச் சாதியார் விதித்த தடைகளுள், ஆடவர் முழங்காலுக்குக் கீழே உடை தாழ உடுத்தலாகாது என்பதும் ஒன்று. முழங்காலுக்கு மேலே கட்ட வற்புறுத்தப்பட்டவனுக்கு வேட்டி பெருமையின் சின்னமா, இழிவின் தழும்பா? அண்ணல் அம்பேத்கர் மேனாட்டு உடையை விடாது அணிந்தமையை இந்நோக்கில் காணாதார் அதன் பொருளைக் காணார். நம் மலையகத்திலும், லயத்து அறையில் பிறந்து முதன்முதலாக நீளக்காற்சட்டை அணிந்து கல்லூரிக்கு வந்த பிள்ளைக்கு, அக்காற்சட்டை மேனாட்டு மோகமன்று. தன் தந்தைக்குக் கிட்டாத நிமிர்வு. அவனிடம் சென்று, "பண்பாட்டைக் காக்க வேட்டி உடு" என்று ஆணையிடுவது பண்பாடாகாது.

ஆதலால், வேட்டியைக் கட்டாயமாக்குக என்று நான் சொல்லவில்லை. உடை பற்றிய கட்டளை எத்திசையினின்று வரினும் அது கட்டளையே. மலைநாட்டானுக்குக் கில்ட்டைத் தடுத்த சட்டமும், ஏழைக்கு நீள உடையைத் தடுத்த ஊர்க்கட்டுப்பாடும், நீதிபதிக்கு வேட்டியைத் தடுத்த மன்ற விதியும் ஓரினத்தனவே. நான் வேண்டுவது, உடையை வைத்து மனிதனை அளக்கும் முழக்கோலை முறித்துவிடுதல். அலுவலகத்திற்குக் காற்சட்டை, கோயிலுக்கு வேட்டி, வீட்டிற்குச் சாரம் என மூன்று படி வகுத்து, சாரத்தோடு வந்த முதியவரை வாசலில் நிறுத்திவிட்டுக் காற்சட்டை அணிந்த இளைஞனுக்கு நாற்காலி இடுகின்றோமே, அதனை விடுதல். உயர்சாதியாரின் உடையாகவன்றி எல்லாரின் உடையாகவும் வேட்டி திரும்பி வரவேண்டுமாயின், அதற்கு இதுவே வழி.

இன்னும் ஒன்றை ஆடவராகிய நாம் எண்ணுதல் வேண்டும். 2022 நவம்பரில் ஆசிரியைகள் சிலர் சேலையன்றி வேறு உடையில் பாடசாலைக்கு வந்தனர். நாடெங்கும் வாதம் எழுந்தது. பண்பாடு அழிந்தது என்று முழங்கிய ஆடவருட் பலர் காற்சட்டையில் நின்றே முழங்கினர். நீண்ட சேலையை உடுத்தி, நெரிசல் மிக்க பேருந்தில் ஏறி, மலைப்பாதையில் நடந்து வரும் ஆசிரியையிடம் பண்பாட்டின் முழுச் சுமையையும் ஏற்றிவிட்டு, நாம் நான்கு முழ வேட்டிக்கு நேரமில்லை என்கின்றோம். பண்பாடு பொதுவாயின் சுமையும் பொதுவாதல் வேண்டும். உரிமை பொதுவாயின் தெரிவும் பொதுவாதல் வேண்டும். தனக்கு விலக்களித்துக்கொண்டு பிறர்க்கு விதி கூறுபவன் சொல் அம்பலம் ஏறாது.

செய்யத்தக்கவை பெரியனவல்ல. வேட்டியோ சாரமோ உடுத்தி வரும் பெற்றோரைப் பாடசாலைகள் ஏனையோரைப் போலவே வரவேற்கட்டும். விரும்பும் ஆசிரியர் வேட்டியோடு வகுப்புக்குச் செல்லட்டும். மாணவர் இரண்டு நாள் வியப்பர், மூன்றாம் நாள் பாடத்தைக் கேட்பர். மேல்வகுப்பு மாணவர்க்கு வேட்டி உடுக்கக் கற்பிப்போம். திருமண நாளிலே மணமகனுக்கு இருவர் நின்று வேட்டி கட்டிவிடும் காட்சி நகைப்புக்குரியதன்று, இரங்கத்தக்கது. வாங்கும்போது கைத்தறி வேட்டியை வாங்குவோம். நம் பெருமையால் ஒரு நெசவாளன் வீட்டு அடுப்பேனும் எரியட்டும்.

பழைய மாணவப் பெருமக்களே! உங்களுட் பலர் இன்று நிறுவனங்களுக்குத் தலைவராயும் அலுவலகங்களுக்கு மேலாளராயும் இருக்கின்றீர்கள். வாயிலில் யாரை நிறுத்துவது, யாரை அமர்த்துவது என்று முடிவு செய்யும் நிலை உங்கள் கையில் உள்ளது. இக்கல்லூரி உங்களுக்குக் கற்பித்த தமிழுக்கும் சமயத்திற்கும் நன்றி செலுத்த விரும்பின், விழா முடிந்த மறுநாளும் வேட்டியை ஒருமுறை உடுத்திப் பாருங்கள். உடுத்த மனமில்லையேல், உடுத்தி வருவோனுக்கு ஒரு நாற்காலி இடுங்கள். இரண்டில் எதனைச் செய்யினும் கல்லூரித் தாய் மகிழ்வாள்.