பறவையும் வேண்டும், பாசனமும் வேண்டும்

சென்னையில் அடையாற்று முகத்துவாரத்தைச் சீர்திருத்தி 2011-ல் 58 ஏக்கரில் தொல்காப்பியப் பூங்கா திறந்தார்கள். நல்ல காரியம். நம் குழித்துறைக்காரர்களோ பறவை பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நாகர்கோவிலைத் தாண்டினால் சுசீந்திரம் குளம், அருகே தேரூர் குளம். சாலையோரம் நின்றாலே காசில்லாமல் காணலாம். குளிர்காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்து வாத்துகள் வந்திறங்கும். தாமரை இலைமேல் நடக்கும் இலைக்கோழியை எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது.

2022-ல் இங்கே 94 ஹெக்டேர் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. வரவேற்கிறோம். நடைபாதை வரட்டும், பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொலைநோக்கி வரட்டும். ஆனால் இவை தாமாக உண்டான ஏரிகளல்ல. நாஞ்சில் நாட்டு வயலுக்கு நீர் பாய்ச்ச மனிதர் வெட்டியவை. தலைமுறை தலைமுறையாகக் கரை கட்டி, மடை காத்து, தூர் வாரியது உழைப்பாளிகளின் கை. அந்த வயல்தான் பறவைக்கும் இரை போடுகிறது. வயலையெல்லாம் வீட்டு மனையாக்கிவிட்டுக் குளத்துக்கு மட்டும் வேலி போட்டால் எந்தக் கொக்கு வரும்?

ராம்சார் உடன்படிக்கையும் ஈரநிலத்தை அறிவோடு பயன்படுத்தச் சொல்கிறதே தவிர, பயன்படுத்துவோரை விரட்டச் சொல்லவில்லை. ஆகவே சர்க்காரைக் கோருகிறோம்: எந்தத் திட்டம் தீட்டினாலும் முதலில் பாசன விவசாயிகளைக் கூட்டிப் பேசுக; குளத்தில் கழிவுநீர் கலக்க விடாதீர்; பறவை பார்க்க வருகிற ஏழையிடம் கட்டணம் கேளாதீர்.