பெண்களே ஓட்டிப் போன ஏலகிரிப் பயணம்

"வேன் பிடிச்சுப் போறீங்களா? டிரைவர் யாரு?" என்று கேட்பது நம் ஊர் வழக்கம். "நாங்களே ஓட்டிக்கிட்டுப் போறோம்" என்று பதில் சொன்னால், கேட்டவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிடுகிறது!

ராயபுரத்தில் எங்கள் தெருவிலிருந்து நாலு பெண்களும் நாலு பிள்ளைகளுமாக, எட்டு ஸீட் வண்டியை வாடகைக்கு எடுத்து ஏலகிரிக்குப் போனோம். அங்கே கூடாரத்தில் தங்கினோம். ஒரு ராத்திரி என்று போய், இரண்டு ராத்திரி தங்கி வந்தோம். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். லீவில் இப்படிக் கிளம்ப ஆசைப்படும் சகோதரிகளுக்காகச் சில விஷயங்கள்.

முதலில் வண்டி. நம்பர் பலகையைப் பார்த்தாலே பாதி விவரம் தெரிந்துவிடும். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் டிரைவரோடு வரும் வாடகை வண்டி. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து என்றால் நாமே ஓட்டிக்கொள்ள வாடகைக்கு விடுவது. வெள்ளைப் பலகை சொந்த உபயோகத்துக்கு. "தெரிஞ்சவங்க வண்டிதான், நாளுக்கு இவ்வளவு குடுத்தாப் போதும்" என்று யாராவது வெள்ளைப் பலகை வண்டியைக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஏதாவது நடந்துவிட்டால் இன்ஷூரன்ஸில் கையை விரிக்க இடம் உண்டு. ஆர்.சி., இன்ஷூரன்ஸ், பர்மிட், எஃப்.சி., புகைச் சான்று ஐந்துக்கும் தேதி முடியவில்லையே என்று பாருங்கள். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, ஜாக்கியும் ஸ்பேனரும் இருக்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். பழைய கீறல்களைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் திருப்பிக் கொடுக்கும்போது வாக்குவாதம் வராது.

நான் லைசென்ஸ் வாங்கிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் முதலில் போய்க் கேட்ட இடத்தில், "வீட்டு ஆம்பிளைங்க யாராவது வந்து கையெழுத்துப் போடட்டும்மா" என்றார்கள். லைசென்ஸ் என் பெயரில், கையெழுத்து மட்டும் இன்னொருவருடையதா? எழுந்து வந்துவிட்டோம். இரண்டாவது இடத்தில் லைசென்ஸும் முன்பணமும்தான் கேட்டார்கள்.

கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி 1993-லேயே அரசு பஸ்ஸின் டிரைவராக உட்கார்ந்துவிட்டார். அதற்கும் முன்னே போனால், உலகத்திலேயே மோட்டார் காரில் முதன்முதலாக நெடுந்தூரம் போனவர் ஒரு குடும்பத் தலைவிதான். ஜெர்மனியில் 1888-ல் பெர்த்தா பென்ஸ் என்பவர், தன் கணவர் செய்த காரை அவரிடம் சொல்லாமலே எடுத்துக்கொண்டு, இரண்டு பையன்களோடு நூறு கிலோமீட்டருக்கு மேல் போனார். எங்கே தெரியுமா? தாய் வீட்டுக்கு! வழியில் எண்ணெய்க் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்திச் சரி செய்தாராம். இறக்கத்தில் பிரேக் தேய்ந்ததும், ஒரு செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்து அடித்து வாங்கிக்கொண்டாராம்.

எங்களுக்கு முதல் சோதனை எங்கள் பேட்டையிலேயே காத்திருந்தது. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளைத்தான் சொல்கிறேன். லாரியின் பக்கக் கண்ணாடியில் டிரைவர் முகம் நமக்குத் தெரியவில்லை என்றால், நம் வண்டியும் அவருக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். அதிலும் லாரியின் இடது பக்கம் நுழையவே கூடாது. விடியற்காலை ஐந்தரைக்கே கிளம்பியதால் தப்பித்தோம்.

பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர், வாலாஜாபேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று சுமார் 230 கிலோமீட்டர். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் எங்கள் ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து கிளம்பி வாலாஜா ரோட்டுக்குத்தான் போனது. பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே போனோம். மலையடிவாரத்து ஊருக்கும் பொன்னேரி என்றுதான் பெயர். "அதுக்குள்ள நம்ம ஊர் பக்கமே திரும்பிட்டோமா?" என்று ஒரு வாண்டு கேட்டதும் ஒரே சிரிப்பு!

பயணம் என்றாலே நாம் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறோம், பாத்ரூமுக்கு எங்கே போவது என்ற பயம்தான். அடக்கி வைத்தால் நீர்க்கடுப்பு வரும். இரண்டு மணிக்கு ஒரு தரம், சுத்தமான பாத்ரூம் உள்ள இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். ஓட்டுகிறவருக்கும் அந்தப் பத்து நிமிஷம் வேண்டும். காலையில் இட்லி, மிளகாய்ப்பொடி போதும், பூரி கீரி வேண்டாம். வாந்தி வரும் பிள்ளையை ஜன்னலோரம் உட்காரவைத்துத் தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். புத்தகமும் போனும் கையில் கொடுக்காதீர்கள்.

ஏலகிரிக்குப் பதினாலு கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள், வள்ளல்கள் பெயரெல்லாம் வைத்திருக்கிறார்கள். மலைப் பாதையில் ஏறும் வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்குகிறவர் ஒதுங்க வேண்டும். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது பெரிய ஆபத்து. பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். கருகின வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள்.

கூடாரம் போட, காவலும் கழிப்பறையும் உள்ள முகாமாகப் பார்த்துக்கொண்டோம். வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போகவே கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களில் இருபது பேருக்கு மேல் காட்டுத் தீயில் மாண்டார்கள். பெண்களும் அதில் பலர். குளிருக்காகக் கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். வாசனையே இல்லாத விஷ வாயு தூக்கத்திலேயே உயிரைக் குடித்துவிடும். எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு வண்டிக்குள் தூங்குவதும் அப்படித்தான். ராத்திரி டார்ச் இல்லாமல் கால் வைக்கக் கூடாது. செருப்பை உதறிப் போட வேண்டும். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல் 108-ஐக் கூப்பிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நெடுஞ்சாலையில் வண்டி நின்றுபோனால் 1033.

இனி அந்த இரண்டாவது ராத்திரி. ஞாயிறு மதியம் இறங்குவதாக ஏற்பாடு. பன்னிரண்டு மணிக்குப் பிடித்த மழை நாலுக்குத்தான் விட்டது. வளைவுகளில் புகை மாதிரி மூட்டம். அப்போது கிளம்பினால் ராத்திரி நேரத்தில், லாரிகளோடு லாரியாக, தூக்கக் கண்ணோடு ஓட்ட வேண்டும்.

எதிர் வீட்டு அக்காவுக்கு அவர் வீட்டுக்காரரிடமிருந்து போன். "காலையில டியூட்டிக்குப் போகணும். சோறு யார் ஆக்கறது? எப்படியாவது ராத்திரிக்குள்ள வந்துடுங்க." அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. முதல்முறையாக வீட்டை விட்டுத் தனியாக வந்தவர். "மெதுவா ஓட்டிடலாமா?" என்று என்னைக் கேட்டார்.

"அக்கா, வண்டியில எட்டு உசிரு இருக்கு. இருட்டுல மலை இறங்க நான் மாட்டேன். விடிஞ்சு போலாம்" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அவரே போனை எடுத்து, "நாளைக்கு மதியம் வந்துடறோங்க. அரிசி தகர டப்பாவுல இருக்கு, ரசப்பொடி மேல் தட்டுல. ஒரு ஆழாக்கு போட்டா உங்களுக்கும் மாமிக்கும் போதும்" என்று நிதானமாகச் சொன்னார். அந்தப் பக்கம் என்ன பதில் வந்தது என்று நாங்கள் கேட்கவில்லை.

வண்டிக்காரருக்கு உடனே போன் செய்து ஒரு நாள் நீட்டித்தோம். கூடுதல் வாடகையை நாலாகப் பிரித்தோம். பிள்ளைகளுக்கு ஒரு நாள் பள்ளிக்கூடம் போயிற்று. திங்கள் மதியம் எட்டுப் பேரும் சௌக்கியமாகத் தெருவில் வந்து இறங்கினோம். அந்த வீட்டில் அன்று ரசம் நன்றாகவே இருந்ததாம்!

ஆகவே, கிளம்பும்போதே ஒரு நாள் வாடகையைத் தனியாக முடிந்து வையுங்கள். "நேரமாகிவிட்டால் தங்கிவிட்டுத்தான் வருவோம்" என்று வீட்டிலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். லைசென்ஸை வாங்கி பீரோவில் புடவைக்கு அடியில் வைத்திருக்கும் சகோதரிகள், தேதி முடிந்துவிட்டதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.