குழந்தைகள் ஐசியுவில் தொற்று: குழாய் போடும்போது அல்ல, போட்ட பிறகுதான் ஆபத்து அதிகம்

மருத்துவமனையில் சேரும் 100 பேரில், பணக்கார நாடுகளில் 7 பேருக்கும், நம்மைப் போன்ற நாடுகளில் 15 பேருக்கும் அங்கேயே புதிதாக ஒரு தொற்றாவது வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கை. ஐசியுவில் இருக்கும் குழந்தைகளுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஏன்?

முக்கியக் காரணம், சென்ட்ரல் லைன். கழுத்திலோ தொடையிலோ உள்ள பெரிய ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்கு அருகே வரை போகும் மெல்லிய குழாய் இது. மருந்து போவதும் இதில்தான், பல நேரம் டெஸ்டுக்கு ரத்தம் எடுப்பதும் இதில்தான். கிருமி உள்ளே போனால் நேராக ரத்தத்தில் கலந்துவிடும்.

இந்தியாவில் நிலைமை என்ன?

26 மருத்துவமனைகளின் 89 ஐசியுக்களில் நடந்த ஆய்வு 2022-ல் வெளியானது. பச்சிளம் குழந்தைகள் ஐசியுவில்தான் ரத்தத் தொற்று மிக அதிகம்: 1,000 'லைன் நாட்களுக்கு' 20-க்கும் மேல். அதாவது 100 குழந்தைகளுக்குத் தலா 10 நாள் குழாய் இருந்தால், 20-க்கும் மேற்பட்ட தொற்றுகள்.

தடுக்க முடியுமா?

முடியும். அமெரிக்காவில் 29 குழந்தைகள் ஐசியுக்கள் சேர்ந்து முயன்றதில் தொற்று 43% குறைந்தது. முடிவுகள் 2010-ல் வெளியாகின. குழாயைச் சுத்தமாகப் போடுவது மட்டும் குழந்தைகளுக்குப் போதாது, தினசரிப் பராமரிப்புதான் முக்கியம் என்பது அதில் தெரிந்தது. தொடும் முன் கை கழுவுவது, ஊசி செருகும் முனையை ஒவ்வொரு முறையும் கிருமிநாசினியால் தேய்ப்பது, கட்டு ஈரமானால் உடனே மாற்றுவது, தேவை முடிந்ததும் குழாயை எடுப்பது. அவ்வளவுதான்.

கேட்க எளிது. ஆனால் ஒரே நர்ஸ் பல குழந்தைகளைப் பார்க்கும்போது, அவசரத்தில் முதலில் விடுபடுவது இந்தச் சில விநாடி வேலைகள்தான். அதனால் இது நர்ஸின் கவனக்குறைவு பற்றிய பிரச்சினை மட்டுமல்ல. எத்தனை நர்ஸ்களை நியமிக்கிறோம் என்பதும்தான்.

நீங்கள் என்ன செய்யலாம்?

அமெரிக்காவில் மருத்துவமனை வாரியாக இந்த எண்களை யாரும் ஆன்லைனில் பார்க்கலாம். இங்கே எல்லா மருத்துவமனையும் வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதுவரை, தினமும் டாக்டரிடம் ஒன்றைக் கேளுங்கள்: "இந்த லைன் இன்னைக்கும் தேவையா டாக்டர்?" அதைக் கேட்பது மரியாதைக்குறைவு இல்லை. குழந்தையைத் தொடும் முன் நீங்களும் கை கழுவுங்கள்.